குருவுக்குப் பரம்பரை உண்டு, வாத்தியாருக்கு மே மாதச் சம்பளம் இல்லை

ஆண்டுக்கு மூன்று முறை நம் கைப்பேசிகளில் குரு பக்தி பொங்கி வழிகிறது. குரு பூர்ணிமாவுக்கு ஒருமுறை, செப்டம்பர் 5 ஆசிரியர் நாளுக்கு ஒருமுறை, மார்கழிக் கச்சேரிகள் தொடங்கும்போது ஒருமுறை. தம்புராவுக்குப் பக்கத்தில் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் படம். கீழே தன் குரு, குருவின் குரு, அவருக்கும் குரு என்று நான்கு தலைமுறைப் பட்டியல்.

இசை ஆசிரியர் ஒரு மனிதரின் வாழ்நாள் முழுக்க உடன் வருவார் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. கணக்கு வாத்தியார் நடத்திய பாடம் பரீட்சையோடு போய்விடலாம். பாட்டு வாத்தியார் திருத்திய ஒரு சுருதி ஐம்பது வயதிலும் காதில் நிற்கும். நம் கேள்வி வேறு. யாருடைய ஆசிரியருக்குப் 'பரம்பரை' என்று பெயர்? யாருடைய ஆசிரியருக்குப் பெயரே இல்லை? ஒருவர் கற்றுக் கொடுத்தது காலம் கடந்து நினைக்கப்படுமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அவருடைய திறமையா, சாதியா?

சாதிதான் என்கிறோம். ஓர் ஆசிரியரின் தாக்கம் நிலைக்க மூன்று தேவை: கற்றுக் கொடுக்க நேரம், அந்த நேரத்துக்குக் கூலி, கற்றவர் வாயில் கற்பித்தவர் பெயர். இந்த மூன்றையும் ஒரு கூட்டத்துக்கு அள்ளிக் கொடுத்து, இன்னொரு கூட்டத்திடமிருந்து பிடுங்கியதுதான் நம் இசை வரலாறு. இன்றைக்கும் அரசுப் பள்ளிகளில் அதுதான் நடக்கிறது.

துரோணரின் பெயரில் ஒரு விருது

'குரு' என்ற சொல்லை ஏன் சந்தேகிக்கிறோம்? ஏகலைவன் கதையை எல்லோரும் சொல்வார்கள், அதில் ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். துரோணர் ஏகலைவனுக்கு ஒரு நாள்கூடப் பாடம் நடத்தவில்லை. நடத்தாத பாடத்துக்குக் கட்டணம் கேட்டார். அந்தக் கட்டணமும் அவன் கற்றதை இனி பயன்படுத்தவே முடியாதபடி கேட்கப்பட்டது. இந்திய அரசு 1985 முதல் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு 'துரோணாச்சாரியார் விருது' கொடுத்து வருகிறது. மாணவனின் கட்டை விரலை வாங்கியவர் இந்த நாட்டில் நல்லாசிரியருக்கான அடையாளம்!

குரு என்பவர் கற்பிப்பவர் மட்டுமல்லர், யாருக்குக் கற்பிக்கக் கூடாது என்று முடிவெடுப்பவரும் கூட. நம் உழைக்கும் மக்களுக்கு இதற்கு வேறு சொற்கள் உண்டு. தெருக்கூத்தில் வாத்தியார். சிலம்பத்திலும் பறையிலும் ஆசான். பேண்டு வாத்தியக் குழுவில் மாஸ்டர். இந்தச் சொற்களில் காலில் விழும் சடங்கு குறைவு, வேலையின் வியர்வை அதிகம்.

லாட்ஜ் அறையில் ஒரு கல்லூரி

2025 மார்ச் 8 அன்று இலண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. பண்ணைப்புரத்திலிருந்து இலண்டன் வரை என்று எல்லா ஊடகங்களும் எழுதின. எழுதியவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்திய சொற்கள் ஞானி, அருள், பிறவி மேதை, தெய்வீகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் புகழுரைக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. மயிலாப்பூர் வீட்டுப் பிள்ளை பாடினால் அது பயிற்சி, பாடாந்தரம், குருகுலம். பண்ணைப்புரத்துப் பிள்ளை இசையமைத்தால் அது அருள். அவர்களுக்கு ஆசிரியர் உண்டு, நமக்குக் கடவுள் மட்டும்தான் என்றால் என்ன பொருள்? நம் தெருக்களில் கற்பிக்கும் ஆற்றல் கிடையாது, எப்போதாவது ஓர் அதிசயம் பிறக்கும் என்று பொருள்.

உண்மை அப்படியில்லை. இளையராஜாவுக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். முதல் ஆசிரியர் அண்ணன் பாவலர் வரதராசன். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாட்டு செய்த வேலையைப் பழைய தோழர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த அண்ணனோடு ஊர் ஊராக, மேடை மேடையாக அலைந்ததுதான் இளையராஜாவின் முதல் இசைப் பள்ளி. எந்தப் பாட்டுக்குக் கூட்டம் நிமிர்கிறது, எந்த இடத்தில் கலைகிறது என்பதை எந்த சபாவும் கற்றுத் தராது.

அடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர். 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்த இளையராஜா, மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தங்கியிருந்த தன்ராஜ் மாஸ்டரிடம்தான் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். அதே மாஸ்டரிடம் பிற்காலத்தில் ஏ.ஆர்.ரகுமான் கற்றார், வித்யாசாகர் கற்றார். ஐம்பது ஆண்டுத் தமிழ்த் திரையிசையின் காதை மாற்றியவர்களில் மூன்று பேர் ஒரே மனிதரின் மாணவர்கள். இதைவிடப் பெரிய 'பரம்பரை' எந்தச் சபாவில் இருக்கிறது? ஆனாலும் இதைப் பரம்பரை என்று யாரும் அழைப்பதில்லை. தன்ராஜ் மாஸ்டரின் பெயர் நம் பாடப் புத்தகத்தில் இல்லை. இளையராஜா பேட்டிகளில் தொடர்ந்து சொல்லிக் கொண்டிருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. மாணவர் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த லாட்ஜ் அறை வரலாற்றிலேயே இருந்திருக்காது.

கற்றுக்கொண்டு கழற்றி விடுவது

மாணவர்கள் சொல்லாமல் விட்டதால் காணாமல் போன ஆசிரியர்கள் எத்தனை பேர்! பரதநாட்டியத்தை எடுத்துக் கொள்வோம். அன்றைக்கு அதன் பெயர் சதிர். ருக்மிணி தேவி அதைக் கற்றது யாரிடம்? பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும். 1936-இல் கலாக்ஷேத்ரா தொடங்கியபோது அங்கே ஆசிரியர்களாக இருந்தவர்களும் இப்படிப்பட்ட நட்டுவனார்களே. பாடம் முழுவதும் கைமாறியது. பிறகு நட்டுவாங்கத் தாளம் மெல்ல மெல்லப் பார்ப்பன மாணவிகள் கைக்கு வந்தது. தேவதாசி வீட்டுப் பெண் ஆடினால் ஆபாசம், அதே அடவைப் பார்ப்பன வீட்டுப் பெண் ஆடினால் ஆன்மிகம் என்று விதி எழுதப்பட்டது. கௌரி அம்மாள் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். பாலசரஸ்வதிக்கும் அபிநயம் கற்பித்தவர். இந்திய நடனத்தின் இரு பெரும் பெயர்களுக்கு ஆசிரியராக இருந்த அந்த அம்மா 1971-இல் வறுமையில் இறந்தார்.

தேவதாசி முறையை ஒழித்த 1947 சட்டம் தேவையான சட்டம். முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடத்திய போராட்டத்தை நாம் குறைத்துப் பேச மாட்டோம். பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிந்தது நியாயம். கலை வேறு வீட்டுக்குப் போனபோது கற்பித்தவர்களுக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் பெயரும் சேர்ந்து போகவில்லையே, அதுதான் அநியாயம்.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பார்ப்பனர்களிடம் பறிகொடுத்த இசை வேளாளர் ஆசான்கள், சேரிப் பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்து நாயனம் சொல்லிக் கொடுத்தார்களா? பெரிய மேளம் கோயிலுக்குள், பறை ஊருக்கு வெளியே என்ற கோட்டை அழிக்க அவர்களில் எத்தனை பேர் முன்வந்தார்கள்? மேலே இருப்பவன் மிதித்ததைச் சொல்லும் வாய், தான் மிதித்ததையும் சொல்ல வேண்டும். படிநிலைச் சாதியின் இயல்பே இதுதான் என்றார் அம்பேத்கர். ஏறிப் போனால் மரியாதை கூடும், இறங்கி வந்தால் வெறுப்பு கூடும். இசை வகுப்பும் அதே படிக்கட்டுதான்.

படிக்கட்டின் அடியில் யார் இருக்கிறார்கள்? மிருதங்கம் செய்பவர்கள். ஒரு மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். தோலைத் தொட்டுப் பார்த்து, பதப்படுத்தி, வலந்தலையில் கரணை இட்டு, நாதத்தை வரவழைப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காது இருந்தது. எந்தத் தோல் எப்படிப் பேசும் என்று வித்வானுக்குச் சொன்னவர் ஆசிரியர் இல்லையா? டி.எம்.கிருஷ்ணா இந்தக் குடும்பங்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை 2020-இல் வெளியிட்டார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் மறுத்துவிட்டது. மிருதங்கம் அரங்குக்குள் வரலாம். அதைச் செய்தவரின் பெயர் வரக் கூடாது.

பக்தி வாயை மூடும்

குரு பக்தியால் வேறொரு கேடும் உண்டு. 2018-இல் 'மீ டூ' குரல்கள் எழுந்தபோது சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டு மார்கழி விழாவிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. 2023-இல் கலாக்ஷேத்ரா மாணவிகள் ஆசிரியர்கள் மீதான பாலியல் புகார்களுக்காக வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். அந்த மாணவிகள் உடைத்தது ஒரு மனிதரை மட்டுமா? 'குருவை எதிர்த்துப் பேசினால் கலை போய்விடும்' என்ற நூற்றாண்டுப் பயத்தையே உடைத்தார்கள். மேடை, வாய்ப்பு, சான்று எல்லாம் ஒருவர் கையில் இருக்கிறது. அவரைக் கேள்வி கேட்பது பாவம் என்று பிள்ளைக்கு ஏழு வயதிலிருந்து சொல்லித் தரப்படுகிறது. இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அதற்கு வழிகாட்டல் என்று பெயர் சூட்டுவது மோசடி. நல்ல ஆசிரியர் மாணவருக்குக் கேள்வி கேட்கவும் கற்றுக் கொடுத்தவர். புகார் எழுதத் துணிந்த மாணவி தன் கலைக்குத் துரோகம் செய்யவில்லை.

'ஆனால் செம்பை...'

இதைச் சொன்னவுடன் ஒரு பதில் வரும். 'செம்பை வைத்தியநாத பாகவதர் கிறித்தவரான யேசுதாசுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையா? கலைக்கு ஏது சாதி?' செம்பை செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் செம்பை உயிராக நினைத்த குருவாயூர் கோயில் யேசுதாசை உள்ளே விட்டதா? ஆசிரியரின் மனசு திறந்தது, கதவு திறக்கவில்லை. ஒரு தனி மனிதரின் பெருந்தன்மையை ஓர் அமைப்பின் நியாயத்துக்குச் சான்றாகக் காட்டுவது பழைய வித்தை.

ஷேக் சின்ன மௌலானாவின் கதையை எடுத்துப் பாருங்கள். ஆந்திரத்தில் பிறந்த இசுலாமியர். தஞ்சைப் பாணி நாதசுரத்தில் ஆசைப்பட்டு நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்றார். திருவரங்கத்தில் குடியேறி நாதசுரப் பள்ளி நடத்தினார். 1998-இல் சங்கீத கலாநிதி ஆனார். கற்பிக்க ஆள் இருந்து, கற்க வாய்ப்பும் இருந்தால் 'இது பிறப்பிலேயே வர வேண்டும்' என்ற பேச்சு ஒரு தலைமுறையில் பொய்யாகும் என்பதற்கு அவர் சான்று. பிறப்பில் வரும் என்றால் வகுப்பு எதற்கு? வகுப்பில் வரும் என்றால் வகுப்பை ஏன் எல்லோருக்கும் திறக்கவில்லை? இதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

ஆசானின் இரண்டு வேலை

மிருதங்க வாத்தியாருக்கு ஒரு வேலை: தாளம் கற்பிப்பது. பறை ஆசானுக்கு இரண்டு. முதலில் பிள்ளையின் மனதிலிருந்து வெட்கத்தைக் கழற்ற வேண்டும், பிறகுதான் தாளம். இழவு வீட்டில் அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தி, காசை எறிந்து, சாராயத்தை நீட்டி, 'டேய்' என்று கூப்பிட்டு ஊர் அசிங்கப்படுத்திய கருவி அது. அதை அடிக்க மறுத்ததற்காக ஊர்விலக்கமும் அடியும் பட்ட சேரிகள் உண்டு. 'பறையை எரி' என்று சொன்னவர்களும் நம் இயக்கத்தவர்கள்தான், 'பறையை எடு, உன் விருப்பத்துக்கு அடி' என்று சொன்னவர்களும் நம் இயக்கத்தவர்கள்தான். இரண்டிலும் தன்மானம் இருக்கிறது. இரண்டாவது வழியைச் சாத்தியமாக்கியவர்கள் பறை ஆசான்கள்.

மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது அவருக்குப் பெருமையா, அவரால் விருதுக்குப் பெருமையா என்பது இருக்கட்டும். 'ஆசான்' என்ற சொல்லைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒரு பறை இசைக் கலைஞர் அரசு மேடையில் ஏறினார் என்பது சின்ன விஷயம் இல்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழு 1990களிலேயே தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. 'பெண் தொட்டால் தீட்டு' என்பதையும் 'பறை தொட்டால் தீட்டு' என்பதையும் சகோதரி சந்திரா ஒரே அடியில் கேள்வி கேட்டார். சென்னைப் பக்கம் புத்தர் கலைக்குழுவின் மணிமாறன், மகிழினி இணையர் எத்தனையோ இளைஞர்களுக்குப் பறையோடு அம்பேத்கரையும் சேர்த்துக் கற்பித்து வருகிறார்கள்.

கே.ஏ.குணசேகரனை மறந்துவிட முடியுமா? 1955-இல் பிறந்து 2016-இல் மறைந்தவர். தன்வரலாறான 'வடு'வை எழுதியவர், 'பலி ஆடுகள்' நாடகத்தை எழுதியவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியர். கீழ்வெண்மணியில் 1968-இல் எரிக்கப்பட்ட 44 உயிர்களின் நெருப்பைச் சுமந்த இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடல் புத்தகத்தில் மட்டும் இருந்திருந்தால் எத்தனை பேருக்குப் போயிருக்கும்? குணசேகரனின் குரல்தான் அதை மேடை மேடையாகக் கொண்டு போனது. அவரிடம் முறையாக மாணவராக இருந்தவர்கள் சில நூறு பேர் இருக்கலாம். அவர் பாடக் கேட்டு 'நம்ம பாட்டை நாமே பாடலாம்' என்று எழுந்தவர்கள் எத்தனை ஆயிரம்! 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியபோது, அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழரின் பெயரில் கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக ஒலித்தன. அந்த மேடை வானத்திலிருந்து இறங்கவில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளாக வாத்தியார்களும் ஆசான்களும் தெருவில் போட்ட மேடை அது.

தோழர்களே, இப்போது நம்மைப் பார்த்து ஒரு கேள்வி. இரண்டு நாள் பயிலரங்கில் பறை கற்கிறோம். கல்லூரி விழாவில் அடிக்கிறோம். ரீல்ஸ் போடுகிறோம். 'பறை என்பது தமிழர் கருவி' என்று வசனம் எழுதுகிறோம். அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் நம் விரல்களில் பொருத்திக் காட்டிய ஆசானின் பெயரை அந்த ரீல்ஸில் எழுதினோமா? அவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டோமா? கிட்டார் வகுப்புக்கு மாதக் கட்டணத்தை மறுபேச்சில்லாமல் கட்டும் நாம், பறை ஆசானிடம் மட்டும் 'இது மக்கள் கலைதானே' என்று இலவசத்தை எதிர்பார்ப்பது ஏன்? மக்கள் கலை என்றால் கற்பிக்கும் மனிதர் சாப்பிட வேண்டாமா? கருவியைத் 'தமிழர்' என்று பொதுமையாக்கிவிட்டு, அதற்காக அடிபட்ட சாதியின் பெயரையும் ஆசானின் பெயரையும் அழிப்பது, சதிரைப் பரதநாட்டியமாக்கிய அதே வேலை. சட்டை மட்டும் கறுப்பு, நீலம்.

முடிச்சூரிலிருந்து பார்த்தால்

தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றை ஒட்டி இருக்கிறது முடிச்சூர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகு ஓடிய ஊர். மழைக்காலத்தில் மட்டும் தொலைக்காட்சிகளுக்கு நினைவு வரும் ஊர். முடிச்சூர் சாலையில் பெருங்களத்தூர் பக்கமிருந்து நடந்தால் கீபோர்டு, கிட்டார், கர்நாடக வாய்ப்பாட்டு, பரதநாட்டியம் என்று வகுப்புப் பலகைகள் தொங்கும். அடுக்ககங்கள் வந்த பிறகு பலகைகளும் கூடிவிட்டன. நல்லதுதான். மாதக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏழு வயதிலேயே ஒரு இசை ஆசிரியர் கிடைக்கிறார், பத்தாண்டு உடன் வருகிறார்.

அதே சாலையில் அரசுப் பள்ளிச் சீருடையோடு நடக்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்? தூய்மைப் பணிக்கும் கட்டட வேலைக்கும் போகிற தாயின் பிள்ளைக்கு, ஊரில் யாராவது இறந்தால் மேளத்துக்கு அழைக்கப்படுகிற தகப்பனின் பிள்ளைக்கு? அந்தப் பிள்ளையின் வீட்டில் தாளம் இருக்கிறது. தாளத்துக்கு எழுத்தும் மேடையும் மதிப்பெண்ணும் தருகிற ஆசிரியர்தான் இல்லை.

அரசு என்ன செய்திருக்கிறது? 2012-இல் தமிழ்நாடு அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், தோட்டக்கலை, இசை என்று பல பாடங்களுக்கு. வாரத்தில் மூன்று அரை நாட்கள் வேலை. மாதம் 5,000 ரூபாய். மே மாதம் விடுமுறை, அதனால் அந்த மாதம் சம்பளம் கிடையாது. வயிற்றுக்கு மட்டும் மே மாத விடுமுறை கிடையாது! 2021 தேர்தலில் திமுக தன் வாக்குறுதி எண் 181-இல் பணி நிரந்தரம் என்று எழுதியது. 2024 தொடக்கத்தில் தொகுப்பூதியம் 12,500 ரூபாய் ஆனது. அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பணி நிரந்தரம் கேட்டு அந்த ஆசிரியர்கள் சென்னையில் எத்தனை முறை வெயிலில் உட்கார்ந்தார்கள், எத்தனை முறை மண்டபங்களில் அடைக்கப்பட்டார்கள் என்பதை நாளேடுகளில் படித்திருக்கிறோம். சமூக நீதியின் பெயரால் ஆட்சிக்கு வருகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். முந்தைய அதிமுக ஆட்சி விதைத்த அநீதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தண்ணீர் ஊற்றியது யார்?

மூன்று அரை நாள் வேலை பார்த்துவிட்டு, மீதி நாளில் ஆட்டோ ஓட்டியோ கடையில் நின்றோ குடும்பத்தைக் காப்பாற்றும் ஒருவரிடம் 'மாணவரின் வாழ்நாள் வழிகாட்டியாக இருங்கள்' என்று எந்த வாயால் சொல்வது? ஒரு பிள்ளையின் காது எங்கே தடுமாறுகிறது, கை எங்கே தயங்குகிறது, வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஓராண்டு ஆகும். அந்தத் தொடர்ச்சியில்தான் வாத்தியார் வழிகாட்டி ஆகிறார். தொடர்ச்சியைச் சம்பளப் பட்டியல்தான் தருகிறது. பக்தி தருவதில்லை.

இசையை முறையாகப் படிக்க முடிச்சூர்ப் பிள்ளை எங்கே போக வேண்டும்? ஒரு பக்கம் சென்னை இசைக் கல்லூரி. இன்னொரு பக்கம் படப்பை, வாலாஜாபாத் தாண்டிக் காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளி. தமிழ்நாட்டில் இப்படி 17 மாவட்ட இசைப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே மூன்றாண்டுச் சான்றிதழுக்கு உரிய பாடங்கள் குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம். பறை அந்தப் பட்டியலில் இல்லை. நாட்டுப்புறக் கலைகளுக்கு அண்மையில் பயிற்சி மையங்கள் தொடங்கினார்கள், அவையும் பகுதிநேரம். தவிலுக்கு முழுநேரம், பறைக்குப் பகுதிநேரம். ஊர், சேரி என்ற கோட்டை அரசாணைக்குள் இதைவிடத் தெளிவாக வரைய முடியாது.

வெனிசுவேலாவில் 1975-இல் ஹொசே அந்தோனியோ ஆப்ரேயு 'எல் சிஸ்தேமா' என்ற இளையோர் இசைக்குழு இயக்கத்தைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு அரசுப் பணத்தில் வயலினும் ஆசிரியரும் கிடைத்தன. உலகின் பெரிய இசைக்குழுக்களை நடத்தும் குஸ்தாவோ துதாமேல் அந்த வகுப்பிலிருந்து வந்தவர். அதன் கட்டுப்பாடு மிகுந்த நடைமுறை மீது கடுமையான விமர்சனங்களும் உண்டு, அதை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. எண்ணெய் விற்ற ஒரு நாடு தன் குடிசைப் பகுதிப் பிள்ளைக்கு வயலின் ஆசிரியரை நியமிக்க முடிந்தது. காலை உணவு கொடுக்கும் தமிழ்நாட்டால் அரசுப் பள்ளிக்கு ஒரு முழுநேர இசை ஆசிரியரைக் கொடுக்க முடியாதா?

எனவே நம் கோரிக்கைகள் இவை. பகுதிநேர இசை ஆசிரியர்களை முழுநேரமாக்கிப் பணி நிரந்தரம் செய்ய வேண்டும், அதுவரை மே மாதத்துக்கும் முழு ஊதியம் வழங்க வேண்டும். மாவட்ட இசைப் பள்ளிகளில் பறையை மூன்றாண்டுப் பாடமாகச் சேர்க்க வேண்டும். அதைக் கற்பிக்கப் பட்டம் கேட்டு ஆசான்களை வெளியே நிறுத்தக் கூடாது, அனுபவத்தைத் தகுதியாக ஏற்க வேண்டும். பறை வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார வேண்டும், வாய்ப்பாட்டு வகுப்பிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார வேண்டும். சேரிப் பிள்ளைக்குப் பறை, அக்ரகாரப் பிள்ளைக்கு வீணை என்று பிரித்தால் அது மறுபடியும் வர்ணம்தான். ஆசிரியர் மீது புகார் சொல்ல ஒவ்வொரு இசை நிறுவனத்திலும் மாணவர் அஞ்சாமல் அணுகும் குழு இருக்க வேண்டும்.

இவை கோட்டையில் மட்டும் கேட்க வேண்டியவை அல்ல. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மாநகராட்சிப் பகுதியில் பகுதி சபை இருக்கிறது. சாலை, சாக்கடை, குடிநீர் என்று மனு எழுதும் நாம், 'எங்கள் பள்ளிக்கு முழுநேர இசை ஆசிரியர் வேண்டும்' என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டு போவோம். முடிச்சூரிலும் மண்ணிவாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் இப்படி ஒவ்வொன்று நிறைவேறினாலே கல்வித் துறை பதில் சொல்லியாக வேண்டும்.

கூடவே இன்னொன்று. உங்களுக்கு ஒரு தாளத்தையோ ஒரு பாட்டையோ ஒரு கோர்டையோ கற்றுக் கொடுத்தவரின் பெயரை, அவர் ஒப்புதலோடு, அடுத்த நிகழ்ச்சியின் துண்டறிக்கையில் உங்கள் பெயருக்கு மேலே அச்சிடுங்கள். நிகழ்ச்சிக் கூலியில் அவர் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.